57 அடி நாரோபோட்டில் குடியிருப்பு, லாங்கோலன் கால்வாய்ப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரைப்பாதை:
வணக்கம். இங்கிலாந்தில் படகிலேயே குடியிருக்கப் போகும் இரண்டு பேருக்கான கேள்விகள் இவை. பார்த்து வைத்திருப்பது 57 அடி நாரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு), 2006-இல் கட்டியது. லெட்-ஆசிட் பேட்டரி 4, விறகு-கரி அடுப்பு 1, கேசட் கழிப்பறை (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் காலி செய்வது). நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் எடுக்கும் எண்ணம் இல்லை, நகர்ந்துகொண்டே இருப்பதாகத் திட்டம். ஒருவருக்கு வாரம் ஐந்து நாள் லேப்டாப் வேலை. ஏப்ரலில் நான்ட்விச் பக்கமிருந்து வேல்ஸிலுள்ள லாங்கோலன் வரை போக வேண்டும். வாங்கும் முன் எதைப் பார்ப்பது? குளிர்காலத்தில் மின்சாரம் கட்டுபடியாகுமா? லாக் (படகை ஏற்றி இறக்கும், கதவு போட்ட நீர் அறை) இயக்குவதில் எது ஆபத்து?

எஞ்சின்_அறை:
நீளத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். 57 அடிக்கு மேல் போனால் வடக்கே கால்டர் அண்ட் ஹெப்பிள் மாதிரிக் குட்டை லாக் உள்ள கால்வாய்கள் கைவிட்டுப் போகும்.

முதலில் அடித்தகடு. சோபாவும் சமையலறையும் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதற்கு விலை போடாதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, சர்வேயர் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்த அறிக்கை வேண்டும். 2006 படகென்றால் பெரும்பாலும் 10/6/4: அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6, மேல்கூடு 4. சராசரி கனத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆழமான குழி எத்தனை மி.மீ. என்பதுதான் கேள்வி. நீர்மட்டக் கோட்டை ஒட்டித்தான் குழி அதிகம் விழும். மிச்சக் கனம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தராது. மேலே புதுத் தகடு ஒட்டிய படகென்றால் எங்கே, ஏன் ஒட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டியவை: கடைசியாகத் தார்ப்பூச்சு அடித்த தேதி (பிட்டுமென் என்றால் 2-3 வருடத்துக்கு ஒருமுறை, எபாக்சி என்றால் இன்னும் தாங்கும்), நல்ல தண்ணீருக்கான மக்னீசியம் அனோடில் (படகின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும் கட்டி) எவ்வளவு மீதி, கரை மின் இணைப்பில் கால்வானிக் ஐசொலேட்டர் (இந்த அரிப்புக் கரண்ட்டைத் தடுக்கும் கருவி) உண்டா. கடைசியாகச் சொன்னது இல்லாமல் மரினாவில் (படகு நிறுத்தும் துறை) மாதக்கணக்கில் பிளக் மாட்டி வைத்திருந்தால், எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து உங்கள் இரும்பும் பேட்டரித் தகடு போலக் கரையும்.

சுவருக்குள் என்ன காப்பு என்றும் பாருங்கள். ஸ்ப்ரே ஃபோம் நல்லது. தெர்மாக்கோல் பலகை என்றால், பிவிசி ஒயர் அதில் பட்ட இடங்களில் ஒயர் உறையின் இளக்கி வெளியேறி உறை விறைத்து வெடிக்கும். 20 வருடப் படகில் இது சாதாரணமாகக் காணக்கூடியது.

ஈழத்து_ஓடம்:
கடதாசி வேலைகளைச் சொல்லிவிடுறன். லைசன்ஸ் தருவது கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட், எல்லாரும் சி.ஆர்.டி என்பினம். 2012-இல பிரிட்டிஷ் வாட்டர்வேஸிட்டை இருந்து பொறுப்பெடுத்தது. அதுக்கு மூண்டு வேணும்: நாலு வருசத்துக்கொருக்கா எடுக்கிற படகுப் பாதுகாப்புச் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, கட்டுமிடம் இருக்கு அல்லது இல்லை எண்ட அறிவிப்பு.

கட்டுமிடம் இல்லையெண்டு போட்டால் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில 14 நாளுக்கு மேல நிக்கேலாது. பலகையில 48 மணித்தியாலம் எண்டிருந்தால் அதுதான் வரம்பு. இங்கதான் கனபேர் பிழை விடுறவை: 14 நாள் முடிய ஒரு பாலம் தள்ளிக் கட்டிப்போட்டு, பிறகு திரும்பி வாறது. சட்டத்தில மைல் கணக்கு இல்லை. ஆனால் வருசம் முழுக்க 20 மைலுக்குக் குறைஞ்ச எல்லைக்குள்ள முன்னும் பின்னுமாத் திரிஞ்சால் சி.ஆர்.டி அதை உண்மையான பயணமா ஏற்கிறது அரிது. இஞ்சின் பழுது, ஆசுப்பத்திரி, பனிக்கட்டி எண்டால் முன்கூட்டியே அறிவிச்சு நாள் நீட்டலாம்.

2024 ஏப்ரலில இருந்து கட்டுமிடம் இல்லாத படகுக்குக் கூடுதல் கட்டணமும் இருக்கு. முதல் வருசம் 5 வீதம், படிப்படியாக் கூடி 2028-இல 25 வீதம். கணக்குப் போடேக்க அதையும் சேருங்கோ. குடும்ப வைத்தியரிட்டைப் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வங்கிக்கும் காப்புறுதிக்கும் கடிதம் வர உறவுக்காரர் வீட்டு முகவரியை இப்பவே ஒழுங்கு செய்யுங்கோ.

கரைப்பாதை:
நன்றி அண்ணா. மின்சாரம்? 12 வோல்ட் ஃபிரிட்ஜ், லேப்டாப் 8 மணி நேரம், ரவுட்டர், விளக்கு, தண்ணீர்ப் பம்பு. மிக்ஸியும் ஓட வேண்டும், அது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதல்ல.

மின்கணக்கு:
ஒருநாள் கணக்கு, 12 வோல்ட்டில், தோராயமாக:

ஃபிரிட்ஜ் 40 ஏஎச் (ஆம்பியர்-மணி). 60 வாட் லேப்டாப் 8 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி, இன்வெர்ட்டர் நட்டத்தோடு 45 ஏஎச். ரவுட்டர் 10 வாட், 24 மணி நேரமும் என்றால் 20. விளக்கு, பம்பு 15. மொத்தம் 120. மிக்ஸியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 750 வாட் என்றாலும் ஓடுவது ஐந்து நிமிடம், 6 ஏஎச்சில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் 70 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். அதனால் 2000 வாட்டுக்குக் குறையாத ப்யூர் சைன் இன்வெர்ட்டர், குட்டையான தடிமனான கேபிள், பேட்டரிப் பக்கத்திலேயே ஃப்யூஸ். மாவரைக்கும் கிரைண்டர் 150 வாட்தான், அரை மணிக்கு 7 ஏஎச். சாட்டிலைட் இன்டர்நெட்டின் பெரிய தட்டுதான் நிஜமான குடிகாரன்: 50 வாட்டுக்கு மேல், நாள் முழுக்க விட்டால் 100 ஏஎச் தாண்டும்.

உங்களிடம் 110 ஏஎச் நாலு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், 440. லெட்-ஆசிட்டில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆக 220, இரண்டு நாள்கூடத் தாங்காது.

நிரப்புவதுதான் சிக்கல். ஆல்டர்னேட்டரில் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) 90 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். லெட்-ஆசிட் 80 சதவீதம் நிரம்பியதும் வாங்கும் கரண்ட் சரிந்துவிடும், மீதி 20-க்கு மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். 14.4 வோல்ட்டில் நிற்கும்போது உள்ளே போகும் கரண்ட் பேட்டரிக் கொள்ளளவில் 1-2 சதவீதத்துக்கு இறங்கினால்தான் முழுசாக நிரம்பியது என்று பொருள். உங்களுக்கு அது 4 முதல் 9 ஆம்பியர். வாரம் ஒருமுறையாவது அங்கே கொண்டுபோகாவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து ஒரே குளிர்காலத்தில் பேட்டரி செத்துப்போகும். இரவு 8 முதல் காலை 8 வரை கட்டிய இடத்தில் எஞ்சின், ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

சோலார் 500 வாட் போட்டால் மே முதல் ஆகஸ்ட் வரை எஞ்சினைத் தொட வேண்டாம். டிசம்பரில் அது சும்மா அலங்காரம்.

எஞ்சின்_அறை:
அதனால்தான் லெட்-ஆசிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் போடுங்கள் என்பேன். பாதி நிரம்பியே கிடந்தாலும் அதற்குக் கேடில்லை.

மின்கணக்கு:
சரிதான், ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் ஆல்டர்னேட்டர் எரியும். லித்தியம் கடைசிவரை முழுக் கரண்ட் இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் விசிறிக்குக் காற்று போதாது, உள்ளே சுருள் கருகும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் வைத்து 30-60 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் வெப்பம் பார்த்துக் குறைக்கும் வெளி ரெகுலேட்டர். இன்னொன்று, செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் நிரந்தரச் சேதம். வெறும் இரும்புப் பின்தளத்தின் கீழே எஞ்சின் அறையில் வைக்காமல் கேபினுக்குள் வையுங்கள்.

இருக்கிற நாலு பேட்டரியும் நல்ல நிலையில் இருந்தால் முதல் கோடையை அவற்றோடு ஓட்டுங்கள், ஒரு பேட்டரி மானிட்டர் மட்டும் மாட்டுங்கள். உங்கள் உண்மையான செலவு தெரியாமல் லித்தியத்தின் அளவை முடிவு செய்ய முடியாது.

எஞ்சின்_அறை:
வெப்ப ரெகுலேட்டர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மானிட்டர் வாங்கும்போது ஷன்ட் (போய்வரும் கரண்ட்டை அளக்கும் பாகம்) உள்ளதாக வாங்குங்கள். வோல்ட்டேஜ் பார்த்து சதவீதம் சொல்லும் பெட்டிகள் பொய் சொல்லும்.

மீன்கொத்தி:
ஈரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இட்லிக் கொப்பரை, குக்கர், குளியல், இரண்டு பேர் மூச்சு எல்லாம் சேர்ந்து ஜன்னல் சட்டத்தில் நீராக வடியும். குளிர் தாங்காமல் கூரைக் காளான் வென்ட்டுகளை அடைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அவை பாதுகாப்புச் சான்றிதழுக்கான நிலையான காற்றுவழிகள். சமைக்கும்போது பக்கத்து ஜன்னலைத் திறந்து, அடுப்பைக் கொஞ்சம் கூட எரியவிடுங்கள். மெத்தைக்கடியில் காற்றோடும் சட்டம் போடாவிட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சை. மாவு புளிக்க வைக்க வெந்நீர்த் தொட்டி அலமாரியை மிஞ்சிய இடமில்லை, எஞ்சின் ஓடிய நாளில் ராத்திரி முழுக்கக் கதகதப்பாக இருக்கும்.

அடுப்புக்குப் புகையில்லாக் கரி வாங்குங்கள். 25 கிலோ மூட்டை, கடுங்குளிரில் அடுப்பு அணையாமல் எரிந்தால் இரண்டரை முதல் மூன்று நாள். ஈர விறகு எரித்தால் குழாயில் தார் படிந்து கூரைப் பெயின்டில் பழுப்புக் கோடாக ஒழுகும். இரவுக்கு: சாம்பலைத் தட்டி, கரியை நிரப்பி, நன்றாகப் பற்றிய பிறகே காற்றுத் திருகைக் குறைக்க வேண்டும். பற்றாத கரிமேல் காற்றை அடைத்தால் கார்பன் மோனாக்சைடுதான் மிஞ்சும். அந்த அலாரம் 2019 ஏப்ரல் முதல் படகுகளுக்குக் கட்டாயம். படுக்கையறையிலும் ஒன்று வையுங்கள். வருடம் ஒருமுறை அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்றையும், குழாய் கூரையைத் துளைக்கும் வளையத்தின் சிமென்ட்டையும் பாருங்கள். வெடிப்பு வருவது அங்கேதான்.

கேஸ் புரொப்பேன்தான், 13 கிலோ சிலிண்டர் இரண்டு. பியூட்டேன் உறைநிலை நெருங்கினாலே ஆவியாகாது, காலைக் காபி கிடையாது.

கரைப்பாதை:
அக்கா, கழிப்பறையும் தண்ணீரும்?

மீன்கொத்தி:
கேசட் சுமார் 20 லிட்டர், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். மூன்று கேசட் வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் உறைந்து, கேசட்டைக் காலி செய்யும் இடமான எல்சன் பாயின்ட்டுக்குப் போக முடியாத வாரம் வரத்தான் செய்யும். உலர் கழிப்பறைக்கு மாறலாம் என்று கடைக்காரர் சொல்வார். அதன் திடக்கழிவைப் பையில் கட்டி சி.ஆர்.டி குப்பைத்தொட்டியில் போட இப்போது தடை. மக்க வைக்கப் படகில் இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தண்ணீர், சிக்கனமாக நாளுக்கு 80 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஆறு நாள். குழாயடியில் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகலாம், துணி துவைப்பதை அப்போது வைத்துக்கொள்வது வழக்கம். சர்வீஸ் இடங்களுக்கு சி.ஆர்.டி சாவி ஒன்று போதும். இரண்டாவதை மிதக்கும் கார்க்கில் கோத்து வையுங்கள்.

சுக்கான்:
லாங்கோலனுக்கு வருகிறேன். புறப்படும் முன்பும் வழியில் தினமும் சி.ஆர்.டி தளத்தில் தடை அறிவிப்பு பாருங்கள். நவம்பர்-மார்ச்சில் லாக் பழுதுபார்ப்பு, கோடையில் நீர்ப்பற்றாக்குறை, கரை உடைப்பு, எதற்கும் மூடுவார்கள். 2025 கோடையில் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதிகளே மூடிக் கிடந்தன.

நான்ட்விச் அருகே இந்தக் கால்வாய் பிரியும் ஹர்ல்ஸ்டனிலிருந்து லாங்கோலன் சுமார் 44 மைல், 21 லாக். மைலையும் லாக்கையும் கூட்டி 3-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு, 22 மணி நேரம் வரும். இங்கே அது பொய்க்கும். மற்ற கால்வாய் குளம், இது ஓடுகிற நீர். லாங்கோலனுக்கு மேலே டீ நதியில் பொறியாளர் டெல்ஃபோர்ட் கட்டிய ஹார்ஸ்ஷூ அணையிலிருந்து தண்ணீர் எடுத்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை குடிநீருக்காக அனுப்புகிறார்கள். போகும்போது எதிர்நீர். 26 மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்நீரில் வேகம் குறைகிறதே என்று த்ராட்டிலை முறுக்கக் கூடாது. ஆழமில்லாத இடத்தில் புரொப்பெல்லர் அடிநீரை உறிஞ்சிப் பின்பக்கம் இறங்கும், கரையில் அலை உடையும், படகு அங்கேயே நிற்கும். த்ராட்டிலைக் குறைத்தால் வேகம் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

லாக்குக்குக் கீழே இன்னொரு பொறி: மிச்சநீர் வழிந்து வரும் பக்கக் கால்வாய். வாசலுக்குப் பத்தடி முன் பக்கவாட்டில் அடித்து முன்பக்கத்தைத் தள்ளும். மெதுவாக வந்தால் எதிர்ச்சுவரில் மோதல் நிச்சயம். நீர் வரும் பக்கமாகக் கொஞ்சம் குறிவைத்து, வழக்கத்தைவிடச் சற்று வேகமாக வந்து, முன்பக்கம் வாசலுக்குள் நுழைந்ததும் ரிவர்ஸ் கொடுங்கள். நியூட்ரலிலும் ரிவர்ஸிலும் சுக்கான் வேலை செய்யாது என்பதை மறக்காதீர்கள்.

கரைப்பாதை:
லாக்கில் படகு தொங்கி மூழ்கும் என்கிறார்களே, எப்படி?

சுக்கான்:
இறங்கும்போது. மேல்கதவின் அடியில் கல்திட்டு ஒன்று அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், சில் என்பார்கள். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு மேல்கதவுப் பக்கமாக இருக்க, நீர் இறங்கினால் சுக்கான் திட்டில் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். முன்தளக் கதவு வழியாக நீர் ஏறினால் நிமிடக் கணக்கில் படகு போய்விடும். ஓட்டுபவர் கோட்டைத் தாண்டி முன்னே நிறுத்தி, கியரில் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு கட்டினால் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள், கையில் விட்டுக்கொண்டே இருங்கள்.

தொங்கிவிட்டால்: கீழ்ப் பேடில்களை (லாக்கில் நீரை விடும் அடைப்புப் பலகைகள்) உடனே மூடு, பிறகு மேல்ப் பேடிலை மெல்லத் திற, நீர் ஏறிப் படகு தானே மிதக்கும். கத்தும் சத்தம் எஞ்சினில் கேட்காது. கரையில் நிற்பவர் எப்போதும் ஓட்டுபவரைப் பார்த்தபடியே பேடில் தூக்க வேண்டும். கையை உயர்த்தினால் மூடு என்று முன்பே பேசி வையுங்கள்.

ஏறும்போது ஆபத்து வேறு. முன்பக்க ஃபெண்டர் (மோதல் தாங்கும் மெத்தை) மேல்கதவுச் சட்டத்தின் அடியில் மாட்டினால் படகின் முன்பக்கம் மேலே வர முடியாமல் அமுங்கும். தரைப் பேடில் (கதவில் இல்லாமல் கரையில் இருப்பது) இருந்தால் அதைப் பாதி தூக்கி, படகு அமைதியானதும் முழுதும். கதவுப் பேடில் நீருக்குள் மூழ்கும்வரை தொடாதீர்கள், அருவி நேராக முன்தளத்தில் விழும். விண்ட்லஸ்ஸை (பேடிலைத் தூக்கத் திருகும் கைப்பிடி) அச்சில் மாட்டிவிட்டு நகரவே கூடாது. அச்சைப் பிடித்து நிறுத்தும் பல்கொக்கி நழுவினால் அது சுழன்று பறக்கும், தாடை உடைந்தவர்கள் உண்டு.

ஈழத்து_ஓடம்:
கிரிண்ட்லி புரூக்கில மூண்டு தனி லாக், அதுக்கு மேல மூண்டு அறைப் படிக்கட்டு லாக். ஏறேக்க கீழறை வெறுமையா, மேல ரெண்டும் நிறைஞ்சிருக்க வேணும். மேலறைத் தண்ணிதான் கீழறையை நிரப்புது. மாறிச் செய்தால் நடுவில படகு சேத்தில இருக்கும், அல்லது தண்ணி கரை மேல போகும். சீசனில லாக் காவலர் நிப்பார், வரிசையும் இருக்கும். அவரிட்டைக் கேட்காமல் பேடில் ஒண்டையும் தூக்காதேங்கோ.

தவளைக்கல்:
வழியில் இறங்கி நடக்க வேண்டிய இடங்கள்: விக்ஸல் மாஸ், இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் விரியும் கரிச்சேற்று நிலம். பாதையை விட்டு இறங்க வேண்டாம், பாசிக்கு அடியில் தரை இல்லை, வெயில் நாளில் விரியனும் உண்டு. அடுத்து எல்ஸ்மியர் ஏரிகள், பனியுகம் விட்டுப்போன பள்ளங்கள். பிளேக் மியரில் கால்வாய்க்கும் ஏரிக்கும் இடையே ஒரு வரிசை மரம்தான். ஏப்ரலில் இலை விடும் முன் போனால் ஏரி முழுதும் தெரியும். கோடையில் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

நியூ மார்ட்டன் இரண்டு லாக்குக்குப் பிறகு லாக்கே கிடையாது. சர்க் நீர்ப்பாலம் (1801), அதை ஒட்டியே 420 மீட்டர் சுரங்கம். ஒரு படகு அகலம்தான், எதிரே விளக்குத் தெரிந்தால் காத்திருங்கள். நீரோட்டம் இங்கே ரொம்ப உறைக்கும், நடப்பவர் உங்களை முந்துவார்.

அடுத்த நீர்ப்பாலம் பொன்ட்கசுல்தே, 1805-இல் திறந்தது. 307 மீட்டர் நீளம், டீ நதிக்கு மேல் 38 மீட்டர் உயரம், 2009-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இரும்புத் தொட்டிதான் கால்வாய். நடைபாதைப் பக்கம் மட்டும் கைப்பிடி, மறுபக்கம் தொட்டி விளிம்போடு சரி. குழந்தை, நாய், உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர் எல்லாரும் கேபினுக்குள்ளே. காற்று நாளில் படகு தொட்டிச் சுவரில் உரசிக்கொண்டே போகும், அது சேதமில்லை.

ட்ரெவர் தாண்டி லாங்கோலன் வரை சில இடங்களில் எதிரெதிர் படகு கடக்க முடியாது. ஒருவரைக் கரையில் முன்னே அனுப்பி ஃபோனில் பேசிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத திருப்பங்கள் இருப்பதால் விசிலும் வையுங்கள். லாங்கோலனில் படகுத்துறைக்கு மேலே எஞ்சின் படகுக்கு அனுமதி இல்லை. இரண்டு மைல் நடந்தால் ஹார்ஸ்ஷூ அணை. எதிர்மலையில் டினாஸ் பிரான் கோட்டை இடிபாடு, செங்குத்து ஏற்றம், மழை நாளில் விட்டுவிடுங்கள்.

கரைப்பாதை:
திரும்பும்போது நீரோட்டம் துணை, சீக்கிரம் வந்துவிடலாம் அல்லவா?

சுக்கான்:
வரலாம். ஆனால் நிற்கும் தூரம் கூடும், பாலத்தடியில் சுக்கான் மந்தமாகும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நாள் முடிவில் ஸ்டெர்ன் கிரீஸரை (புரொப்பெல்லர் தண்டுக்குக் கிரீஸ் செலுத்தும் திருகு) ஒரு திருப்பு. களை அகற்ற வீட் ஹேட்ச் (புரொப்பெல்லருக்கு மேலுள்ள மூடி) திறந்தால் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகு. மூடியதும் கியர் போட்டுக் கசிவு பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சரியாக மூடாத ஹேட்ச் வழியாக புரொப்பெல்லரே தண்ணீரை எஞ்சின் அறைக்குள் அடிக்கும்.

ஹர்ல்ஸ்டன் லாக்கில் நுழையும் முன் பக்க ஃபெண்டர் எல்லாவற்றையும் மேலே தூக்குங்கள். 6 அடி 10 அங்குலப் படகு, 7 அடி லாக், ஒரு ரப்பர் உருளை நடுவில் மாட்டினால் படகு ஆப்பு அடித்தது மாதிரி நிற்கும். அங்கிருந்து ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் இரவு கட்டுவதென்றால் கரையை ஒட்டித் தண்ணீருக்கடியில் ஒரு கல் விளிம்பு ஓடும். சக்கர ஃபெண்டர் அல்லது பழைய சிறு டயர் இரண்டைத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படகு கடக்கும்போதும் அடித்தகடு அதில் இடிக்கும்.